வண்டியை ஓரங்கட்டச் சொல்வதில் தொடங்குகிறது

கிரிமினல் வழக்கில் சிக்கியவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசே ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963ல் சொன்னது. அப்படி வாதாடும் வக்கீல்களை இங்கே பப்ளிக் டிஃபெண்டர் என்பார்கள், நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். என் மேசைக்கு வரும் ஃபைல்களில் கறுப்பின இளைஞர்களுடையவை, ஊர் மக்கள்தொகையில் அவர்களுக்கு இருக்கும் பங்கைவிட எப்போதுமே அதிகம். இங்கே இருக்கும் நம் தமிழ் நண்பர்கள் வட்டாரத்தில் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "அவங்க அதிகமா தப்பு பண்றாங்க, அதனால அதிகமா மாட்டிக்கிறாங்க. இதுல இனவெறி எங்கே வந்தது?"

நல்ல மனிதர்கள், படித்தவர்கள், யார் மீதும் வன்மம் இல்லாதவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

2020 மே 25 அன்று மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றதை உலகமே பார்த்தது. அந்தப் போலீஸ்காரருக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறை கிடைத்ததும் பலர் மனதில் அந்த விஷயம் முடிந்துபோனது. கெட்ட போலீஸ்காரர், கொடூரமான செயல், தண்டனை, அவ்வளவுதான். ஆனால் கோர்ட்டில் தினமும் நான் பார்ப்பது எந்த வீடியோவும் வைரலாகாத சின்னச் சின்ன சம்பவங்களை. அவற்றில் பெரும்பாலானவை காரை ஓரங்கட்டச் சொல்வதில் தொடங்குகின்றன. யாரை நிறுத்துவது, யாரைப் போகவிடுவது என்பதைச் சாலையில் நிற்கும் ஒரு போலீஸ்காரர் சில விநாடிகளில் தனியாக முடிவு செய்கிறார். இனவெறி குடியிருக்கும் இடம் எது என்று கேட்டால் நான் அந்தச் சில விநாடிகளைத்தான் காட்டுவேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பையன், இருபது வயது இருக்கும். காரின் ரியர்வியூ கண்ணாடியில் மரவடிவ வாசனை அட்டை ஒன்று தொங்கியது. டிரைவரின் பார்வையை மறைக்கும்படி எதுவும் தொங்கக்கூடாது என்று பல மாநிலங்களில் விதி இருக்கிறது, அதைச் சொல்லித்தான் நிறுத்தினார்கள். (நம் கார்களில் பிள்ளையார், ஜெபமாலை எல்லாம் தொங்குகின்றன. அதற்காக நிறுத்தினார்கள் என்று நம்மவர் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.) போலீஸ்காரர் உடையில் மாட்டியிருந்த பாடி கேமராவின் பதிவைப் பார்த்தேன். போலீஸ்காரரின் முதல் கேள்வி வாசனை அட்டையைப் பற்றியே இல்லை. "இது யாருடைய கார்?" அடுத்தது, "எனக்குத் தெரியவேண்டியது ஏதாவது உள்ளே இருக்கிறதா?" பையன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் விரல் விரித்து வைத்திருக்கிறான். எதைச் செய்வதானாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அசைகிறான்: "லைசென்ஸ் பின்பாக்கெட்டில் இருக்கு சார், இப்ப எடுக்கறேன் சார்." கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டுமே என்ற பயம்.

காரில் எதுவும் கிடைக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்ல, தோளைப் பிடித்துத் திருப்பியபோது அவன் கையை இழுத்துக்கொள்ள, "காவலரின் பணிக்கு இடையூறு" என்று ஒரு வழக்கு. வேறு குற்றமே இல்லை, இடையூறு மட்டும்தான் குற்றம். இப்படிப்பட்ட ஃபைலை எந்தப் பப்ளிக் டிஃபெண்டரும் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார். போலீஸ் அறிக்கையில் வழக்கமான வரிகள் இருந்தன: "டிரைவர் வழக்கத்துக்கு மாறாகப் பதற்றமாக இருந்தார்", "குற்றங்கள் அதிகம் நடக்கும் பகுதி", "இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனார்". சீட் பெல்ட்டைக் கழற்றினால்கூடக் கை இடுப்புப் பக்கம்தான் போகும்.

அந்த அட்டை வெறும் சாக்குதானே, இதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்பீர்கள். அனுமதிக்கிறது. ரென் என்பவரின் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: போக்குவரத்து விதி ஒன்று மீறப்பட்டிருந்தால் போதும், நிறுத்தியவரின் மனதில் உண்மையில் என்ன காரணம் இருந்தது என்று, அந்த நிறுத்தம் செல்லுமா என முடிவு செய்யும்போது கோர்ட் பார்க்காது. எந்தக் காரையும் ஐந்து நிமிடம் பின்தொடர்ந்தால் ஏதாவது ஒரு விதி மீறப்பட்டுவிடும். இண்டிகேட்டர் போடத் தாமதம், கோட்டைத் தொட்ட டயர், நம்பர் பிளேட் விளக்கு மங்கல், இப்படி. ஆக எல்லோரையும் நிறுத்த அதிகாரம் இருக்கிறது, நிறுத்துவது சிலரை.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் அதிகம் தப்பு செய்வதால்தான் மாட்டுகிறார்களா என்று சோதித்துப் பார்க்க நல்ல வழிகள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 10 கோடி வாகனச் சோதனைகளின் பதிவுகளைத் திரட்டி 2020ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாலை ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அந்த நேரத்தில் வெளிச்சம் இருக்கும், டிரைவரின் நிறம் தெரியும். குளிர்காலத்தில் அதே நேரம் கும்மிருட்டு, உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாது. ஓட்டுபவர்களும் சாலையும் பெரிதாக மாறுவதில்லை, வெளிச்சம் மட்டும்தான் மாறுகிறது. கறுப்பினத்தவர் ஓட்டும் விதம்தான் காரணம் என்றால் இருட்டினாலும் நிறுத்தப்படுகிறவர்களில் அவர்களின் பங்கு அப்படியே இருக்க வேண்டும். இருட்டியதும் அது குறைந்தது. அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது: வெள்ளையர் காரைச் சோதிக்கத் தேவைப்பட்ட அளவுக்குச் சந்தேகம் கறுப்பினத்தவர் காரைச் சோதிக்கத் தேவைப்படவில்லை.

கஞ்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் விகிதம் வெள்ளையர், கறுப்பினத்தவர் இரண்டு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று சர்வேக்கள் தொடர்ந்து காட்டுகின்றன. ஆனால் கையில் வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு மூன்றரை மடங்குக்கும் மேல் என்று ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பின் 2020 அறிக்கை சொல்கிறது. கல்லூரி விடுதிகளில் யாரும் கூட்டமாகப் போய்ப் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பதில்லை. தேடும் இடத்தில்தான் கிடைக்கும், கிடைத்தது பதிவாகும், பதிவைப் பார்த்து "இங்கேதான் குற்றம் அதிகம்" என்று அடுத்த மாதமும் அங்கேயே ரோந்து போகும். இந்தப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துக் குற்றம் எங்கே நடக்கும் என்று கணிக்கச் சொன்னால் அதுவும் அதே தெருவைத்தான் காட்டும்.

இப்படி நிறுத்தாவிட்டால் குற்றம் பெருகிவிடாதா? நியூயார்க் போலீஸ் 2011ல் மட்டும் தெருவில் போகிறவர்களை 6,85,000 தடவைக்கும் மேல் நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களும். 10ல் கிட்டத்தட்ட 9 பேர் மீது கைதுமில்லை, சம்மனுமில்லை. 2013ல் அந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். 2018ல் எண்ணிக்கை சுமார் 11,000 ஆகச் சரிந்திருந்தது. கொலைகள் 2011ல் 500க்கு மேல் இருந்தன, 2018ல் 300ஐத் தொடவில்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் சுமார் 21,000 பேர் வாழும் சின்ன ஊர். அங்கே 2014ல் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மத்திய அரசின் நீதித்துறை ஊரின் பதிவுகளை அலசி 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 67 சதவீதம், நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம். நிறுத்திய பிறகு சோதனைக்கு ஆளாகும் வாய்ப்பு அவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல், தடைசெய்யப்பட்ட பொருள் கிடைக்கும் வாய்ப்போ 26 சதவீதம் குறைவு. இவ்வளவுக்கும் பின்னால் ஊர் நிர்வாகத்தின் பட்ஜெட் இருந்தது. அபராதம் எழுதினால்தான் வருமானம் என்று நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கே எழுதியிருக்கிறார். அந்த அறிக்கையில் வரும் ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. 2007ல் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு 151 டாலர் அபராதம். கட்ட முடியாமல் தேதிக்குத் தேதி வாரண்ட், இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. ஏழு வருடம் கழித்து, 550 டாலர் கட்டி முடித்த பிறகும், இன்னும் 541 டாலர் பாக்கி என்று கணக்கு சொன்னது. இந்தக் கதையில் கறுப்பினத்தவரை வெறுத்த ஒரு வில்லனைத் தேடினால் ஒருவேளை கிடைக்கலாம், ஃபெர்குசன் அதிகாரிகள் சிலரின் இமெயில்களில் அசிங்கமான இனவெறி ஜோக்குகளும் இருந்தன. ஆனால் அவர்களை நீக்கிவிட்டாலும் அந்தப் பட்ஜெட் அப்படியேதான் இருக்கும்.

நிறுத்தியதற்கு அப்புறம் நடப்பது வெளியே தெரியாது, அதைச் சொல்லியாக வேண்டும். ஜாமீன் கட்டப் பணமில்லாதவர் உள்ளே இருக்கிறார். மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். "குற்றத்தை ஒப்புக்கொள், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று அரசுத் தரப்பு பேரம் பேசும். நிறுத்தியதே சட்டவிரோதம் என்று நான் மனு போட்டால் அந்தப் பேரம் ரத்தாகிவிடும் என்று சொல்லும் வழக்கமும் பல கோர்ட்டுகளில் உண்டு. கட்சிக்காரர் வீட்டுக்குப் போகத்தான் ஆசைப்படுவார், அவரை யார் குறை சொல்ல முடியும்? அமெரிக்காவில் தண்டனையில் முடியும் வழக்குகளில் 100க்கு 90க்கும் மேல் இப்படி ஒப்புக்கொள்வதில்தான் முடிகின்றன. அதனால் ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்வி எந்த நீதிபதியின் முன்னாலும் வராமலே போகிறது. பையன் கணக்கில் ஒரு குற்றப் பதிவு ஏறிவிடுகிறது. அடுத்த முறை நிறுத்தும்போது அந்தப் பதிவே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தொடர்கிறது? சட்டம் கேட்கும் ஆதாரம் அப்படி. ஜார்ஜியாவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட வாரன் மெக்கிளெஸ்கி என்ற கறுப்பினத்தவரின் வழக்கு 1987ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு என்று விரிவான ஆய்வைக் காட்டினார்கள். ஆய்வு சரியென்றே வைத்துக்கொண்டாலும், இந்த வழக்கில் இந்த ஆளுக்கு எதிராக யாரோ வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதை நிரூபிக்க வேண்டும் என்று 5-4 பெரும்பான்மையில் தள்ளிவிட்டார்கள். மெக்கிளெஸ்கிக்கு 1991ல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுபெற்ற பின், தன் வாக்கை மாற்ற முடிந்தால் இந்த வழக்கில் மாற்றுவேன் என்றார். தீர்ப்பு இன்றும் அப்படியே நிற்கிறது. மனதில் இருந்ததை எந்தப் போலீஸ்காரர் கோர்ட்டில் வந்து சொல்வார்? பலருக்கு அது தன் மனதில் இருப்பதே தெரியாது.

தெரியாமலே இருப்பதற்கு நல்ல உதாரணம் போலீஸுக்கு வெளியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் கிட்டத்தட்ட 5,000 வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதிகள் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயராகத் தோன்றிய விண்ணப்பங்களுக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. 2004ல் வெளியான ஆய்வு அது. விண்ணப்பங்களைப் புரட்டியவர்களிடம் நீ இனவெறியனா என்று கேட்டிருந்தால் எல்லோருமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: 2015ல் அலபாமாவில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுத் தாத்தா மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். "ஒல்லியான கறுப்பு ஆள்" ஒருவர் சந்தேகப்படும்படி நடமாடுகிறார் என்று அக்கம்பக்கத்தவர் ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தார். ஆங்கிலம் தெரியாத அவரைப் போலீஸ்காரர் தரையில் தள்ளியதில் கழுத்துப் பகுதி முதுகெலும்பு பாதிக்கப்பட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. கேமராவில் எல்லாம் பதிவாகியும் அந்தப் போலீஸ்காரர் கடைசியில் விடுதலையானார். அன்றைக்குப் போன் செய்தது வேறு யாரோ. ஆனால் நம்மவர்கள் வாங்கிக் குடியேறும் புறநகர்ப் பகுதிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் "ஹூடி போட்ட ஒருத்தன் சுத்திட்டிருக்கான், போலீஸைக் கூப்பிடலாமா" என்று வரும் செய்திகளை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் அந்த எண்ணை அழுத்தாதீர்கள்.

மாற்றம் வராமல் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் 2022லிருந்து கண்ணாடியில் தொங்கும் பொருள், ஒரு விளக்கு எரியாதது போன்றவற்றுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக்கூடாது. கலிபோர்னியா 2020ல் கொண்டுவந்த சட்டப்படி, வேண்டுமென்றே செய்தார்கள் என்று நிரூபிக்காமலே புள்ளிவிவரத்தைக் காட்டி வாதாடலாம். இவை எல்லாம் ஊர் அளவிலும் மாநில அளவிலும் வாக்குகளால் வந்தவை. குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் ஜூரியில் (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) உட்கார அழைப்பு வந்தால் வேலையைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்கிறார்கள், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. போலீஸ்காரர் ஒன்று சொல்கிறார், சாதாரண ஆள் வேறொன்று சொல்கிறார், இரண்டையும் ஒரே மாதிரி எடை போடுவீர்களா என்று ஜூரி தேர்வில் கேட்போம். யோசித்துப் பதில் சொல்பவர்கள் அந்த அறையில் போதவில்லை. எந்த வழக்கைத் தொடுப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கும் மாவட்ட அரசு வழக்கறிஞரும் பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் ஜெயித்து வருபவர்தான். வாக்குச்சீட்டில் ஜனாதிபதி, செனட்டர் எல்லாம் முடிந்த பிறகு கீழே இருக்கும் அந்தப் பெயர்களை யாரென்று முந்தைய வாரமே தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.