பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடாது

பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். சீர்ப் பாத்திரங்களும் நகையும் திரும்பி வருகின்றன. "இனி உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட, நோட்டரி முத்திரையும் விழுகிறது. அத்துவிட்டாச்சு என்று நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள் உண்டு. ஆனால் சட்டப்படி அவர்களுடைய முதல் திருமணம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது திருமணம் செல்லாது. வழக்கு வந்தால் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. சில சமூகங்களில் வழக்காறாக வரும் மணமுறிவை 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது. அந்த வழக்காறு உண்மையிலேயே இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கும் இதே சட்டம்தான்.

சரி, இருவருக்குமே பிரிய விருப்பம் என்றால்? அதற்கு நேரான வழி இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 13பி, மனமொத்த விவாகரத்து. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்திருப்பதுதான். இருவரும் சேர்ந்து குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டு, 6 மாதம் கழித்து மீண்டும் வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். சேர வாய்ப்பே இல்லை, நகை, பணம், பிள்ளை எல்லாவற்றிலும் பேச்சு முடிந்துவிட்டது என்றால் இந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும் முன் ஒருவர் மனம் மாறினால் மனு நிற்காது. அதனால் எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், பிள்ளை யாரிடம், மற்றவர் எப்போது பார்க்கலாம், பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். "பார்த்துச் செய்கிறேன்" என்ற வாய்ப்பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒருவர் மட்டும் கேட்டால் காரணம் காட்ட வேண்டும். கொடுமை, 2 ஆண்டு கைவிட்டுப் போனது, திருமணத்துக்கு வெளியே உறவு போன்றவை அதில் வரும். திருமணமாகி ஓராண்டுக்குள் பொதுவாக மனு போட முடியாது. விவாகரத்து வேண்டாம், ஆனால் சேர்ந்தும் இருக்க முடியாது என்பவர்கள் பிரிவு 10-இன்படி நீதிமன்றப் பிரிவினை கேட்கலாம். அதில் திருமணம் முறியாது, மறுமணமும் செய்ய முடியாது. அந்தத் தீர்ப்பு வந்து ஓராண்டு கழிந்தும் சேராவிட்டால் அதை வைத்தே விவாகரத்து கேட்கலாம்.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-இன் அந்தச் சட்டம் என்று தனித்தனியே உண்டு. முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது.

ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பலர் இது தெரியாமல் வருடக்கணக்கில் பிறந்த வீட்டில் கைச்செலவுக்குத் திண்டாடுகிறார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவியும் பிள்ளைகளும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144-இல் கேட்கலாம். பழைய ஆட்கள் பிரிவு 125 என்று சொல்வது இதைத்தான். இருவரும் வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இந்து திருமணச் சட்டத்தில் மனைவி தான் இப்போது வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றாலும் தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உரிமை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது திருமண அழைப்பிதழ் அல்லது பதிவுச் சான்று, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அப்புறம் அந்த முத்திரைத்தாள் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்று காட்ட அது உதவலாம்.