வால்வு மாற்றிய நெஞ்சும் சர்க்கரையும்

செட்டிநாட்டு வீடுகளில் மணகோலம் என்னும் இனிப்பைச் செய்யும்போது, சுடச்சுட ஊற்றிய வெல்லப்பாகு ஆற ஆற, உதிரியாகக் கிடந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதைப் பார்த்திருப்போம். இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்கும் குளுக்கோஸும் உடலின் புரதங்களில் ஏறத்தாழ இப்படித்தான் ஒட்டி, அவற்றை விறைக்க வைக்கிறது. இதய வால்வு மாற்றிய பிறகு சர்க்கரை நோயாளிகள் கூடுதலாகச் சிரமப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பள்ளத்தூரில் எங்கள் உறவில் சர்க்கரை நோயுள்ள ஓர் ஆச்சிக்கு மதுரையில் பெருநாடி வால்வை மாற்றினார்கள். புதிய வால்வு சீராகத் திறந்து மூடுவதை எக்கோ காட்டியது. ஆனால் நெஞ்சுத் தையலின் கீழ்முனையில் விரற்கடை அளவு இடம் மட்டும் ஆறு வாரமாகியும் மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. சர்க்கரை ஏறியிருக்கும்போது கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. நுண்குழாய்கள் குறுகியிருப்பதால் அறுத்த மார்பெலும்புக்குப் போதிய இரத்தமும் போய்ச் சேருவதில்லை. போதாக்குறைக்கு, அறுவையின் அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோலும் அட்ரினலினும் சர்க்கரையை மேலும் ஏற்றுகின்றன. அதனால்தான் மாத்திரையை நிறுத்திவிட்டு, இன்சுலினை நரம்பில் சொட்டுச்சொட்டாகச் செலுத்தி, அளவைப் பொதுவாக 180 மில்லிகிராமுக்குள் வைக்கிறார்கள். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். அவசரமில்லாத அறுவைக்கு முன் அதைச் சரிசெய்யக் கிடைக்கும் சில வாரங்கள், என் கணிப்பில், மிகவும் மதிப்புள்ளவை.

ஏற்கெனவே புரதம் கசியும் சிறுநீரகம், அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இயந்திரத்தில் நோயாளி இருக்கும் நேரத்தில் இன்னும் அடிவாங்கக்கூடும். இதயத் தசையே விறைத்திருந்தால், வால்வின் அடைப்பு நீங்கிய பின்னும் மூச்சிரைப்பு மெதுவாகத்தான் குறையும். மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படும் திசு வால்வில் காலப்போக்கில் சுண்ணாம்பு படியும். நீரிழிவு உள்ளவர்களிடம் அது விரைவாகப் பழுதடைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உலோக வால்வு நெடுநாள் உழைக்கும் என்றாலும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும். 2002இல் பிரான்சில் தொடங்கிய, பெரும்பாலும் தொடைக் குழாய் வழியே வால்வைப் பொருத்தும் முறையில் மார்பெலும்பை அறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதற்குப் பயன்படும் சாயமருந்தைச் சிறுநீரகம் தாங்க வேண்டும்.

வீடு திரும்பியபின் பலரும் மறப்பது ஈறுகளை. நீரிழிவில் ஈறுநோய் அதிகம். அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி புதிய வால்வில் தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆச்சி இப்போது பல் பிடுங்கப் போனால்கூட வால்வு அட்டையைக் காட்டி, முன்னதாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.