விரலுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று

நண்பரின் ரோடு பைக்குக்கு, அதாவது சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான கியர் சைக்கிளுக்கு, பதினைந்து வயது. விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் அலுவலகம் போவார். சில மாதங்களாக வலது கை நடுவிரலில் வலி என்றார். கியர் லீவரைத் தள்ளித் தள்ளி வந்த வலி. பழுது பார்க்கும் கடையில் லீவர் போய்விட்டது, ஜோடியாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பைக்கின் இன்றைய மதிப்பில் பாதியாவது அதற்கே ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரித்துப் பார்த்தோம். லீவரில் ஒரு குறையும் இல்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் வளைந்து நிற்கும் ஒரு சாண் நீளக் கேபிள் உறைதான் அவர் விரலைப் படுத்தியெடுத்திருக்கிறது.

கியர் கேபிள் பார்வைக்கு எளிமையானது. உள்ளே 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி, வெளியே 4 மில்லிமீட்டர் உறை. மெக்கானிக்குகள் இன்னர், அவுட்டர் என்பார்கள். வளைவான பாதையில் வெறும் கம்பியைப் போட்டு இழுத்தால் கம்பி நிமிர்ந்துகொள்ளும், மறுமுனை அசையாது. உறை இரு முனைகளிலும் முட்டுக்கொடுத்து நிற்பதால்தான் கம்பியின் இழுவை அப்படியே போய்ச் சேர்கிறது. எர்னஸ்ட் பவ்டன் 1896இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. (ராலே சைக்கிள் நிறுவனத்தின் ஃபிராங்க் பவ்டன் வேறு ஆள், இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) பல மோட்டார் சைக்கிள்களின் கிளட்ச்சும் ஆக்சிலரேட்டரும் இன்றும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

சிக்கல் வளைவில் இருக்கிறது. முரட்டுக் காளையைக் கட்டுபவர்கள் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் காளை எவ்வளவு திமிறினாலும் ஒரு சிறுவனால்கூடத் தாக்குப்பிடிக்க முடியும். மரத்தோடு கயிறு உரசும் ஒவ்வொரு பாகையிலும் இழுவிசையில் ஒரு பங்கு கரைந்துகொண்டே வருகிறது. எவ்வளவு கரையும் என்பதைச் சொல்லும் சூத்திரம் ஆய்லர், ஐடெல்வைன் ஆகிய இருவர் பெயரால் வழங்குகிறது. அதில் வருபவை இரண்டே எண்கள்: உராய்வுக் கெழு (இரண்டு பரப்புகள் எவ்வளவு உரசுகின்றன என்பதன் அளவு), மொத்த வளைவுக் கோணம். மரம் பருமனா ஒல்லியா என்ற கேள்வியே அதில் இல்லை. உராய்வு இங்கே கூடிக்கொண்டு போவதில்லை, பெருகிக்கொண்டு போகிறது.

காளையைப் பிடிக்க உதவிய அதே கணக்கு கியர் கேபிளில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. நண்பரின் பைக்கில் வளைவுகளைக் கண்ணளவாகக் கூட்டிப் பார்த்தேன். லீவரிலிருந்து ஃபிரேமை எட்டுவதற்குள் 150 பாகை, பெடல் அச்சின் அடியில் 50, பின்சக்கரத்தருகே 160. ஆக மொத்தம் 360, ஒரு முழுச் சுற்று. உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால், மறுமுனையில் தேவைப்படும் விசையைப்போல 1.9 மடங்கை விரல் கொடுக்க வேண்டும். துருவும் மண்ணும் சேர்ந்து கெழு 0.2 ஆகிவிட்டால் 3.5 மடங்கு. 0.3க்குப் போனால் 6.6 மடங்கு! லீவர் கனக்காமல் என்ன செய்யும்?

பழைய பைக் என்பதாலேயே இப்படி ஆகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இன்னும் பழைய பைக்குகளில், கியர் லீவர் ஃபிரேமின் சாய்வுக் குழாயிலேயே இருந்த காலத்தில், கம்பி பெரும்பாலும் நேராகப் போனது. பெடல் அச்சின் அடியில் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே வளைவுகள். அந்த லீவரில் படிகளும் கிடையாது, ஓட்டுபவர் சங்கிலியின் ஓசையைக் கேட்டுத் தானே சரிசெய்துகொள்வார். 1984இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் தன் டூரா-ஏஸ் வரிசையில், ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையைக் கொண்டுவந்தது. 1990இல் கியர் லீவரையும் பிரேக் லீவரையும் ஒன்றாக்கியது. கையை எடுக்காமலே கியர் மாற்றலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் கேபிளுக்குக் கூடுதலாக ஒரு நீண்ட வளைவு வந்து சேர்ந்தது. துல்லியமும் கட்டாயமாகிவிட்டது.

எவ்வளவு துல்லியம்? நண்பருடையது ஒன்பது பற்சக்கரங்கள் கொண்ட ரகம். ஒரு பற்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4.35 மில்லிமீட்டர். அதற்காக லீவர் ஒரு சொடுக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் கம்பியை இழுக்கிறது. கம்பி 0.3 மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டால் சங்கிலி அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், கடகடக்கத் தொடங்கும்.

பெரிய பற்சக்கரத்துக்கு ஏற்றும்போது இழுப்பது நம் விரல். சிறியதற்கு இறக்கும்போது இழுப்பது, சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் டீரெய்லரில் உள்ள ஸ்பிரிங். விரல் தேவைக்கேற்பக் கூடுதல் பலம் கொடுக்கும், ஸ்பிரிங்குக்கு அந்தச் சலுகை இல்லை. ஏற்றும்போது லீவர் கனக்கிறது, இறக்கும்போது கியர் தாமதமாக விழுகிறது என்றால் கேபிளில்தான் உராய்வு என்று ஏறக்குறைய முடிவுகட்டிவிடலாம். இது புரியாமல் பலரும் கம்பியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அட்ஜஸ்டரில் கை வைக்கிறார்கள். இறங்குவதைச் சரிசெய்தால் ஏறுவது கெடும், ஏறுவதைச் சரிசெய்தால் இறங்குவது கெடும். நானும் ஒரு முழு மாலையை இப்படி வீணாக்கியிருக்கிறேன்.

முடிவை உறுதிசெய்து கொள்ள, டீரெய்லரில் கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கம்பியை விடுவித்தோம். டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளினால் சீராகப் போய்ச் சீராகத் திரும்பியது. அங்கே குறையில்லை. பிறகு லீவருக்கு அருகில் கம்பியை இழுத்துப் பிடித்தபடி லீவரை மட்டும் சொடுக்கினோம். மென்மையாக இருந்தது. மிஞ்சியது நடுவிலுள்ள பாதை.

அதைப் பார்க்கக் கம்பியைக் கழற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றுங்கள். பெடலை நிறுத்திவிட்டு லீவரைக் கடைசிவரை இறக்குங்கள். சங்கிலி நகராது, கம்பி தொய்ந்துபோகும். ஃபிரேமில் கேபிள் வெளியே தெரியும்படி ஓடும் பைக்குகளில் உறை முனைகள் அவற்றின் பிளந்த தாங்கிகளிலிருந்து தாமாகவே கழன்று வரும். உறையைக் கம்பியின் மேல் நகர்த்திப் பார்க்கலாம்.

பின்சக்கரத்து உறையை நகர்த்த முயன்றபோது அது நகரவே இல்லை. முறுக்கி இழுத்ததும் சிவப்பாகச் சேறு வழிந்தது. கேபிள் பாதையிலேயே தாழ்வான வளைவு அதுதான். மழைநீரும் கழுவும் நீரும் மேலிருந்து கம்பி வழியே இறங்கி அங்கே தேங்கி நிற்கும், கூடவே கடற்காற்றின் உப்பு வேறு. உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழல் தேய்ந்து, கம்பி எஃகோடு எஃகாக உரசிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசியை ஈர்த்து முன்பைவிட மோசமாகும். இன்னர், அவுட்டர் இரண்டையும் மாற்றுவதே மேல், செலவும் சில நூறு ரூபாய்தான். ஆனால் கியருக்கான உறையையே கேட்டு வாங்க வேண்டும். பிரேக் உறை சுருள் கம்பியால் ஆனது, அழுத்தும்போது சற்றே குறுகும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அது குறுகாது. பிரேக்குக்குக் கியர் உறையைப் போடுவது மட்டும் கூடவே கூடாது, பலமாகப் பிடிக்கும்போது வெடித்துப் பிளந்துவிடலாம்.

பழைய உறையின் நீளத்துக்கே புதியதை வெட்டினோம். சாதாரண வெட்டுக்குறடு முனையை நசுக்கிவிடும். கேபிள் கட்டரால் வெட்டி, முனையை அரத்தால் தட்டையாக்கி, மூடிக்கொண்ட உட்குழலின் வாயை ஊசியால் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புதுக் கம்பியும் முனையிலேயே உரசத் தொடங்கும். பெடல் அச்சின் அடியில் உள்ள பிளாஸ்டிக் வழிகாட்டியில் கெட்டிப்பட்டிருந்த அழுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தோம்.

லீவரே பழுதாகும் வண்டிகளும் இல்லாமல் இல்லை. நெடுநாள் ஓட்டாமல் கிடந்தால் உள்ளே உள்ள கிரீஸ் பிசினாகி, லீவரைப் படிப்படியாக நிறுத்தும் ராட்செட்டின் சிறு நாக்கு பல்லில் விழாமல் ஒட்டிக்கொள்ளும். லீவர் கனக்காது, காற்றைத் தள்ளுவதுபோல் வெறுமனே போய் வரும். கிரீஸைக் கரைக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்து, நூறு முறையாவது சொடுக்கி, பழுப்பு நீர் வடிந்த பின் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இன்னொன்று: கனம் திடீரெனக் கூடினால் லீவருக்குள் கம்பியின் தலைப்பகுதியைப் பாருங்கள். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம். முழுதாக அறுந்து தலை உள்ளே சிக்கிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு.

நண்பர் மறுநாளே நாற்பது கிலோமீட்டர் போய்வந்தார். விரல் வலி இல்லை, ஆனால் மூன்றாம் நாள் கியர் மீண்டும் லேசாகக் கடகடக்கிறது, புதுக் கம்பி நீண்டுவிட்டதோ என்று போனில் கேட்டார். இந்தச் சுமைக்கு எஃகுக் கம்பி நிரந்தரமாக நீள்வதில்லை. உறையின் முனைகள் அவற்றில் மாட்டிய சிறு தொப்பிகளுக்குள் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்ததில் கம்பி ஒரு மயிரிழை தொய்ந்திருக்கும். அட்ஜஸ்டரை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பச் சொன்னேன். திருப்பிவிட்டு, போனைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பெடலைச் சுற்றிக் காட்டினார். சங்கிலியின் சரசரப்பு மட்டும்தான் கேட்டது.