சுவரைத் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள்

“சார், எங்க கோயில் சுவத்துல புதையல் இருக்கிற எடத்தை எழுதி வெச்சிருக்காங்களாமே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

கல்வெட்டுப் படி எடுக்கும் வேலைக்கு வந்து 26 வருடம் ஆகிறது. இந்தக் கேள்வியைக் கேட்காத ஊர் குறைவு. நான் படித்தவரை புதையலுக்கு வழி சொல்லும் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை. ஆடு எத்தனை, நெய் எவ்வளவு, நிலத்துக்குக் கீழ்பாற்கெல்லை எது, வாய்க்காலில் யாருக்குத் தண்ணீர், இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் எந்தப் பாவத்தில் போவான் என்றுதான் இருக்கும். படித்துச் சொன்னதும் கேட்டவர் முகம் தொங்கிப்போகும். பாவம், அப்படியும் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார்.

புதையல் ஆசையில் கல்லைப் பெயர்த்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களைவிட நான் அதிகம் பயப்படுவது, நல்ல மனசோடு ரசீதுப் புத்தகம் அடித்து, வசூல் பண்ணி, திருப்பணிக்கு இறங்குகிறவர்களைப் பார்த்துத்தான். கும்பாபிஷேகம் என்றால் கோயில் புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்குச் சுவரைத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் எழுத்து போய்விடும்.

காவிரிக்கரையில் ஓர் ஊர். கருவறைத் தென்சுவரில், அடித்தளத்துக் கல்வரியான குமுதத்துக்கு மேலே நாலு வரிக் கல்வெட்டு. நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிய வேண்டிய விளக்கு ஒன்றுக்கான கொடை. கோபுரத்துக்கு ஃபோகஸ் லைட் போடுவதற்காக எலக்ட்ரீஷியன் சரியாக அந்த இடத்தில் ட்ரில் போட்டு மெயின் பாக்ஸை மாட்டிவிட்டார். விளக்குக்காக வெட்டிய கல்வெட்டில் விளக்குக்காகவே ஓட்டை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கண்ணுக்கு அது சொரசொரப்பான கல், அவ்வளவுதான். பாக்ஸுக்கு இந்தப் பக்கம் “இவ்வூர் இடையன்” என்று இருக்கிறது. அந்தப் பக்கம் “வசம் விட்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு” என்று தொடர்கிறது. நடுவில் இருந்தது அந்த ஆளின் பெயர்.

சாவா மூவாப் பேராடு என்றால் சாகாத, கிழடு தட்டாத ஆடு. அப்படி ஒரு ஆடு உண்டா என்று கேட்காதீர்கள். ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும், கணக்கில் 96 என்பது குறையக் கூடாது, அதற்குத்தான் அந்தப் பேச்சு. கொடுக்கிறவர் 96 ஆட்டைக் கோயிலுக்கு விடுவார், கோயில் அதை இடையரிடம் ஒப்படைக்கும், இடையர் தினமும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். சந்திரரும் சூரியரும் உள்ளவரை. இன்றைக்குப் பேங்கில் வைப்பு வைத்து வட்டியில் அன்னதானம் நடத்துகிறோமே, அதே ஏற்பாடுதான். அங்கே பேங்க் அந்த இடையர். மழை பொய்த்தாலும், மந்தையில் நோய் விழுந்தாலும் உழக்கு உழக்குதான். இந்தச் சுமையைத் தோளில் வாங்கியவரின் பெயர் ராஜாவின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்திக்குக் கீழே அதே எழுத்தில், அதே ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கும். ஓர் ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்டிடையரின் பெயர் வேறு எங்கே கிடைக்கும் உங்களுக்கு?

ராஜாக்களின் பட்டியல் செப்பேட்டிலும் இருக்கிறது, இலக்கியத்திலும் இருக்கிறது. சாதாரண ஆட்களுக்குச் சுவரை விட்டால் பெரும்பாலும் வேறு இடம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் “நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். அக்காள் குந்தவை கொடுத்ததும், யாரோ ஒரு அதிகாரி கொடுத்ததும் ஒரே சுவரில் ஏறுகின்றன. அங்கேயே 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரின், பட்டியல் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சேரியில், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்), எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருத்திக்கும் விலாசம். ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். முதல் தடவை அந்தப் பட்டியலை விரல் வைத்துப் படித்தபோது எனக்கு வாக்காளர் பட்டியல் ஞாபகம்தான் வந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வாட்ஸப்பில் சுற்றுகிற ‘அந்தக் காலம் பொற்காலம்’ வகையறாவுக்குக் கல்வெட்டைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுங்கள், ஆனால் முழுசாகப் படிக்க விடுங்கள். 400 பேருக்கும் வீடு கொடுத்த அதே கோயிலின் கல்வெட்டுகளில், வரி நீங்கலான இடங்களின் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. சுடுகாடும் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞர்களுக்குக் கொடுத்த சலுகை ஒன்று உண்டு. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலுக்குச் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ராஜா தயவு பண்ணி அனுமதித்தது இது. அனுமதிக்கும் முன்னால் என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். கோயில் கட்டிய கைகள் அவை, தன் வீட்டுக்குச் சாந்து பூச உத்தரவு வேண்டியிருந்தது.

உத்திரமேரூரும் அப்படித்தான். குடவோலைத் தேர்தல் உண்மை. ஊரை 30 குடும்பாக (வார்டு மாதிரி) பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னதும் உண்மை. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது என்ற விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பை இரண்டே வருடத்தில் 35 முதல் 70 என்று மாற்றியிருக்கிறார்கள், அந்தச் சண்டையைக் கிட்ட இருந்து பார்க்க ஆசை. ஆனால் அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் பேர் குடத்துக்குள் போகவில்லை.

அப்புறம் திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு. 1201ஆம் ஆண்டு, மூன்றாம் குலோத்துங்கன் காலம். காலம் பொல்லாததாகி, நெல் காசுக்கு மூன்று நாழியாகிவிட்டது. ஒரு வெள்ளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். இதையும் கல்லில்தான் வெட்டியிருக்கிறார்கள், விளக்குக் கொடை மாதிரியே, பத்திரமாக.

பெருமையும் சிறுமையும் இப்படி ஒரே சுவரில் கிடப்பதால்தான் நான் கல்வெட்டை நம்புகிறேன். மணல் வீச்சு அடிக்கிற மெஷினுக்கு இரண்டும் ஒன்று. அழுத்தத்தில் மணலை அடித்தால் கல் பளிச்சென்று வெளுக்கும். எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஓரம் மழுங்கிவிட்டால் கண்ணுக்கு ஏதோ கோடு மாதிரி தெரியும், படித்தால் ஒன்றும் நிற்காது. அறநிலையத் துறையே இதைக் கூடாது என்று சொல்லியாயிற்று. ஆனாலும் ‘சும்மா லேசா அடிச்சோம் சார்’ என்கிற பேச்சை இன்னும் கேட்கிறேன். கம்பி பிரஷ், ஆசிட், கிரைண்டர் எல்லாம் இதே ஜாதி. எனாமல் பெயிண்ட் எழுத்துப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும், எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். சுண்ணாம்பு மட்டும் பரவாயில்லை. பல கோயில்களில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில்தான் எழுத்து உயிரோடு இருக்கிறது.

ஆர்வக் கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் தடவி, தெரிந்த மாதிரி வரைந்துவிடுவது. கல்வெட்டில் பெரும்பாலும் எழுத்துக்கு மேலே புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்பது நம் ஊகம், ரகரமும் ‘ா’ என்ற காலும் ஒரே அச்சு. வேலையில் சேர்ந்த புதுசில் நான் சாக்பீஸால் இழுத்த ஒரு கோட்டால், மறுநாள் வந்த என் ஆசிரியர் நிலத்தின் அளவையே தப்பாகப் படிக்க இருந்தார். திட்டவில்லை. வாளியும் துணியும் கொடுத்துத் துடைக்கச் சொன்னார்.

படிக்க வேண்டுமென்றால் இருட்டிய பிறகு போங்கள். டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் ஒன்றுமே இல்லை என்று நினைத்த கல்லில் எழுத்து நிழல் கட்டி எழுந்து நிற்கும். செல்போனில் அப்படியே எடுக்கலாம். நாங்கள் செய்வதும் பெரிய மந்திரம் இல்லை. தண்ணீர் விட்டு மெதுவான பிரஷால் கழுவி, நனைத்த தாளைச் சுவரில் ஒட்டி, அடிக்கும் பிரஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவோம். ஈரம் இழுத்ததும் துணிப் பொதியில் மையைத் தொட்டு ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். உரித்தால் சுவர் கையில் வந்துவிடும். நாலு வரிக் கல்வெட்டுக்கு ஒரு காலைப்பொழுது போதும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே படி எடுத்தாச்சே’ என்பார்கள். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கை வருகிறது, உண்மைதான். பலவற்றுக்கு அதில் இருப்பது இரண்டு வரிச் சுருக்கம். ‘ஒரு விளக்குக்கு ஆடு கொடை’ என்று முடித்திருப்பார்கள். இடையர் பேர் வேண்டுமென்றால் சுவருக்குத்தான் வர வேண்டும். அவர்கள் கண்ணில் படாத கல்லும் ஏராளம். துவைக்கிற கல்லாக, வாய்க்கால் பாலமாக, மடைப்பள்ளி வாசற்படியாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கோயிலைப் பிரித்துக் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சோழர்களே பிரித்துக் கட்டியவர்கள்தான். ராஜராஜனின் 28ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடி விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவானபோது, முதலில் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். கட்டி முடித்து, ராஜேந்திரன் காலத்தில் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் வெட்டினார்கள். அதற்கும் முன்னால் சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவலில் பழைய கற்களில் இருந்ததைப் புதுச் சுவரில் படி எடுத்து வெட்டச் செய்து, “இதுவும் ஒரு பழங்கற்படி” என்று குறிப்பும் வைத்தார். இது காப்பி, மூலம் வேறு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த நேர்மை அது.

ஆகவே திருப்பணிக் குழுவில் இருக்கிறவர்கள் சாரம் கட்டும் முன் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ, பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ ஒரு போன் போடுங்கள். வேலை நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம், நாங்கள் வந்து படி எடுத்துக்கொண்டு போய்விடுவோம். பிரிக்கிற வேலையாக இருந்தால் ஒவ்வொரு கல்லையும் வரிசைப்படி போட்டோ எடுங்கள். மேல் கல்லும் கீழ்க் கல்லும் மாறிப்போய், முதல் வரியில் விளக்கும் அடுத்த வரியில் ஏரியுமாக இன்றைக்கும் குழம்பி நிற்கிற கோயில்கள் உண்டு.

போன மாதம் ஒரு ஸ்தபதி போன் பண்ணினார். கல்லுக்கு நம்பர் போடப் போகிறோம், பெயிண்டில் எங்கே எழுதட்டும் என்று கேட்டார். எழுத்து இருக்கிற முகத்தில் வேண்டாம், மேல்புறத்தில் போடுங்கள், அடுத்த கல் ஏறினால் மூடிக்கொள்ளும் என்றேன். “அட, ஆமா சார்” என்று வைத்துவிட்டார்.