டிரைவும் இயக்கி, டிரைவரும் இயக்கியா?

"ஒளியியல் இயக்கிக்குத் தனி இயக்கி தேவையில்லை, இயக்க முறைமையில் உள்ள இயக்கியே போதுமானது." ஒரு கம்ப்யூட்டரோட கூட வந்த தமிழ் கையேட்டுல இருந்த வரி இது. இதுல மூணு இயக்கி இருக்கு. முதல் இயக்கி கையால தொட்டுப் பாக்குற பொட்டி, சிடி போடுற டிரைவ். மத்த ரெண்டும் சாஃப்ட்வேர், அதாவது டிரைவர். விஷயம் தெரிஞ்சவன் மனசுக்குள்ள இங்கிலீஷ்ல மாத்திப் பாத்து புரிஞ்சுக்குவான். தெரியாதவன் கதி என்ன? தமிழ்ல படிச்சாத்தான் புரியும்னு வர்றவனுக்காகத்தானய்யா தமிழ்ல எழுதுறோம், அவனையே குழப்புனா அப்பறம் எதுக்கு இந்த மொழிபெயர்ப்பு?

இங்கிலீஷ்ல டிரைவ்ங்கிற சொல்லோட பழைய பொருள் மாட்டை விரட்டுறது, வண்டிய ஓட்டுறது. மெஷின் காலம் வந்தப்ப ஒரு சக்கரத்தையோ தண்டையோ சுத்த வைக்கிற அமைப்புக்கு அந்தப் பேரு போச்சு, அங்கருந்து டேப்ப சுத்துறது டேப் டிரைவ், டிஸ்க்க சுத்துறது டிஸ்க் டிரைவ். அந்த டிரைவ்கிட்ட எப்படிப் பேசணும்னு விண்டோஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு, அதாவது இயக்க முறைமைக்கு, சொல்லித் தர்ற புரோகிராம் டிரைவர். ஒரே வேர்தான், கடைசியில ஒரு சின்ன ஒட்டு வேறுபடுத்திக் காட்டிருது. தமிழ்ல மாத்துனவங்க ரெண்டையும் இயக்கின்னு போட்டு அந்த வேறுபாட்ட அழிச்சுட்டாங்க.

இயக்கிங்கிற சொல்லு மேல எனக்கு கோவம் இல்ல. இயக்கு கூட இகரம் சேந்தா இயக்கி, வழிகாட்டி, படகோட்டி, மண்வெட்டி மாதிரி. செய்யிறவனையும் குறிக்கும், செய்ய உதவுற கருவியையும் குறிக்கும். டிரைவர் புரோகிராமுக்கு அது அச்சாப் பொருந்துது, பல வருஷமா புழக்கத்துலயும் இருக்கு, அத மாத்த வேணாம். மதுரைக்காரனுக்கு இயக்கின்னா வேற ஒண்ணும் ஞாபகம் வரணும். சிலப்பதிகாரத்துல மாதரி மதுரைக்கு வெளிய இருந்த பூங்கண் இயக்கிங்கிற பெண் தெய்வத்துக்குப் பால்மடை குடுத்துட்டுத் திரும்புறப்பத்தான் கண்ணகியப் பாக்குறா. கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனா செட்டிப்புடவுங்கிற குகையில சிங்கத்து மேல உக்காந்து யானை மேல வர்றவனோட சண்டை போடுற இயக்கிய இன்னைக்கும் பாக்கலாம். அது யட்சிங்கிறதோட தமிழ் வடிவம், நம்ம இயக்குல பிறந்தது இல்ல, ஆனா எழுத்துல ஒண்ணுதான். ஏற்கனவே ரெண்டு பேர் குடியிருக்குற வீட்டுல மூணாவது ஆளையும் கொண்டுவந்து தள்ளுனா எப்படி?

இது வெறும் சொல் சண்டைன்னு நெனைக்காதீங்க, பணம் போற விஷயம். திருமங்கலம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு விவரப் பட்டியல் போட்டாங்க, தமிழ்லதான் இருக்கணும்னு தலைமையாசிரியர் ஆசைப்பட்டு யாரோ ஒருத்தர்ட்ட குடுத்து எழுதி வாங்கியிருக்கார், நல்ல மனுசன், அவர் ஆசையில தப்பே இல்ல. அதுல ஒரு வரி "ஒளியியல் இயக்கி உட்பட". பொட்டி வந்து எறங்குச்சு. முன்பக்கம் பாத்தா தட்டு வெளிய வர்ற எடத்துல வெறும் பிளாஸ்டிக் மூடி. டிரைவ் எங்கப்பான்னு கேட்டா, இயக்கி விண்டோஸ்லயே இருக்கு சார், நீங்க டிவிடி டிரைவ்னு கேக்கவே இல்லையேங்கிறான் சப்ளை பண்ணவன். அவன் சொன்னதுல ஏமாத்து இருந்துச்சுங்கிறது எனக்கும் தெரியும், ஆனா அந்த ஏமாத்துக்குக் கதவ தெறந்து விட்டது அந்தச் சொல்லு. என்கிட்ட அந்தப் பட்டியலக் கொண்டுவந்து காட்டுனப்ப நான் அவங்க பக்கம் வாதாட ஒரு எழுத்துகூட அதுல இல்ல.

அவன் சொன்ன தொழில்நுட்ப விஷயம் உண்மைங்கிறதுதான் இன்னும் வேதனை. டாஸ் காலத்துல சிடி டிரைவ் வாங்குனா கூடவே ஒரு ஃபிளாப்பியில டிரைவர் குடுப்பாங்க, அத கான்ஃபிக் ஃபைல்ல ஏத்தி, எம்எஸ்சிடெக்ஸ்ங்கிற புரோகிராமையும் ஓட வெச்சாத்தான் சிடி தெரியும். அப்பறம் எல்லாக் கம்பெனி டிரைவும் ஒரே கட்டளைகளுக்குக் கட்டுப்படணும்னு டிரைவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஏட்டப்பிங்கிற முறை வந்துச்சு, இந்த மாதிரி பொது விதிகள எழுதுற டி10 குழு எழுதுன எம்எம்சிங்கிற கட்டளைத் தொகுதி வந்துச்சு. தட்டை வெளிய தள்ளு, இந்த இடத்துலருந்து படி, இவ்வளவு வேகத்துல எழுதுன்னு எல்லாம் பொதுக் கட்டளை. அதனால ஒரே பொது டிரைவர வெச்சு எந்தக் கம்பெனி டிரைவையும் ஓட்டலாம். டிரைவ் வேற, டிரைவர் வேறங்கிறது இந்த செந்தரங்களோட, அதாவது ஸ்டாண்டர்டுகளோட அடிப்படையே. அந்த அடிப்படையத்தான் இயக்கி-இயக்கின்னு எழுதி ஒழிச்சுக் கட்டுறோம்.

சரி, இயக்கி வேணாம்னு சொன்னா உடனே இயக்ககம்னு ஒண்ண எடுத்துட்டு வருவாங்க. வட்டு இயக்ககம், ஒளியியல் வட்டு இயக்ககம். பாடப்புத்தகத்துலயே படிச்சிருக்கேன்னு சொல்றவங்க உண்டு. இதுக்கு அவங்க சொல்ற நியாயம், அகம்னா இடம், நூல் இருக்குற இடம் நூலகம், மருந்து இருக்குற இடம் மருந்தகம், அப்ப இயக்கம் நடக்குற இடம் இயக்ககம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தமிழ்நாட்டுல இயக்ககம்னு சொன்னா யாருக்கும் எது ஞாபகம் வரும்? பள்ளிக்கல்வி இயக்ககம், அரசுத் தேர்வுகள் இயக்ககம். டைரக்டரேட். தினம் பேப்பர்ல வர்ற சொல்லு. இயக்ககத்தின் ஆணைப்படி இயக்ககம் வாங்கப்பட்டதுன்னு ஒரு பள்ளிக்கூடம் கணக்கு எழுதுனா தணிக்கைக்கு வர்றவர் என்ன நெனைப்பார்? சென்னையில இருக்குற ஒரு பெரிய ஆபீஸுக்கு வெச்ச பேரை ஒரு சாண் நீளத்துப் பொட்டிக்கும் வெக்கிறது எந்தத் தெளிவு? அதோட, அகம்னா வாங்கி வெச்சுக்கிற எடம். இந்தப் பொட்டி வட்டை வாங்கி வெச்சுக்கிட்டு சும்மா இருக்குறது இல்ல, பிடிச்சு சுத்துது. சுத்துறது அங்க நடக்குற பல வேலையில ஒண்ணு இல்ல, அதுதான் அதோட வேலையே. இயக்ககத்துல இதைச் செய்யிறது யாருங்கிற உணர்ச்சியே இல்ல. எழுதிப் பாருங்க, ஒளியியல் வட்டு இயக்ககத்திற்கான இயக்கி. நாக்கு முட்டும்.

அடுத்து அந்த ஒளியியல். இத யாரும் கேள்வியே கேக்க மாட்டேங்கிறாங்க. ஆப்டிக்ஸ்ங்கிற பாடம் ஒளியியல், சரி. ஆப்டிகல்னு எங்க பாத்தாலும் ஒளியியல்னு போட்டா? மின்சாரத்துல ஓடுற விசிறிய மின்னியல் விசிறின்னா சொல்றோம்? மின்விசிறி. ஒளியால எடுத்த படம் ஒளிப்படம், ஒளியியல் படம் இல்ல. அதே கணக்குல ஒளியால படிக்கிற வட்டு ஒளிவட்டு, முடிஞ்சுபோச்சு. சாமி தலைக்குப் பின்னாடி இருக்குறது ஒளிவட்டம், அதுல அம் இருக்கு, இதுல இல்ல. நாங்க கூடல் நகர்ல ஒரு வாசக வட்டத்துல பேசுறப்ப இதையே ஒருத்தர் குழப்பம் வரும்னு எழுப்புனார், வட்டுக்கும் வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத தமிழ்ப் பிள்ளை இருக்கும்னு நான் நம்பல.

வட்டு பழைய சொல்லு. கல்லாமை அதிகாரத்து முதல் குறள்லயே அரங்கு இல்லாம வட்டாடுறதப் பத்தி வருது, அங்க வட்டுன்னா ஆட்டக் காய். குறுந்தகடுன்னு ஒரு பேரு பரவலா இருக்கு, எனக்கு அது பிடிக்கல. தகடுன்னா செம்புத் தகடு, தகரத் தகடு, அடிச்சுத் தட்டுன உலோகம். சிடியில முக்கால்வாசிக்கு மேல பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேல மெல்லிசா ஒரு அலுமினியப் பூச்சு, அம்புட்டுத்தான். அதோட வட்டமா இருக்கணும்னு தகடு சொல்லல. இலங்கைக்காரங்க இறுவட்டுன்னு சொல்றாங்க, வட்டைப் பிடிச்சாங்க பாருங்க, அதுக்காகவே அவங்கள மதிக்கிறேன்.

அப்ப டிரைவுக்கு என்னதான் சொல்லு? என் பதில் வட்டோட்டி. வட்டு, ஓட்டி. நான் ரூம் போட்டு யோசிச்சு உண்டாக்கல, நம்ம ஊர் வாய்லயே இருக்கு. படம் ஓட்டுறோம், ரீல் ஓட்டுறோம், கேசட் ஓட்டுறோம். கல்யாண வீட்டு டிவிடிய எடுத்துட்டு வந்து "இதைக் கொஞ்சம் போட்டு ஓட்டு மாப்ள"ன்னு சொல்லாத வீடு மதுரையில இருந்துச்சா? யாராவது "டிவிடிய இயக்கு"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? இங்கிலீஷ் டிரைவோட மூலப் பொருளும் ஓட்டுறதுதான், அப்ப வேரும் பொருந்துது, பேச்சும் பொருந்துது, டிரைவர் இயக்கியோட மோதவும் இல்ல. தேரோட்டி, படகோட்டி வரிசையில வட்டோட்டி உக்காந்துக்கும். ஒளிவட்டோட்டின்னு சேத்தும் எழுதலாம். ஓட்டுன்னா தேர்தல் ஓட்டுன்னு நெனைப்பாங்கன்னு ஒரு மறுப்பு கேட்டேன், படகோட்டியப் பாத்து யாரும் தேர்தல நெனைக்கலையே. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: ஓட்டின்னா ஓட்டிக் காட்டுறது மட்டும்தானே, எழுதுறதுக்கு என்ன பண்றது? ஒரு பழைய டிரைவக் கழட்டிப் பாருங்க. நடுவுல சுத்துற மோட்டார், ரெண்டு கம்பி மேல முன்னும் பின்னும் நகர்ற ஒரு சின்ன சப்பரம், அதுல கண்ணு மாதிரி ஒரு லென்ஸ், லென்ஸ்ஸ சுத்தி மயிர் கனத்துல காயில். படிச்சாலும் எழுதுனாலும் வட்டை ஓட்டித்தான் ஆகணும். எழுதத் தெரிஞ்சதுன்னா எழுதும் வட்டோட்டின்னு சொல்லிக்கலாம், கடையில ரைட்டர்னு சொல்றது மாதிரியே.

விவரக்குறிப்பு எழுதுறப்ப இன்னும் ரெண்டு எடத்துல கவனம் வேணும். ஒண்ணு, ஸ்டாண்டர்ட தரம்னு போடுறது. தரம்னா நல்லது கெட்டது சொல்றது, முதல் தரம், மட்டத் தரம். ஸ்டாண்டர்ட் அது இல்ல, எல்லாரும் சேந்து ஒத்துக்கிட்ட அளவு. ஃபிலிப்ஸும் சோனியும் 1980ல ஆடியோ சிடிக்கு சிவப்பு அட்டைப் புத்தகம் போட்டாங்க, 1983ல கம்ப்யூட்டர் தகவல் வெக்கிற சிடி ரோமுக்கு மஞ்சள் அட்டை. வட்டு 120 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம், நடு ஓட்டை 15 மில்லிமீட்டர்னு அதுல எழுதி வெச்சதாலதான் ஜப்பான்ல அடிச்ச வட்டு மதுரை டவுன் ஹால் ரோட்டுல வாங்குன பொட்டியில ஓடுச்சு. அதுக்கு செந்தரம்னு சொல்லு இருக்கு, அதப் போடுங்க. தரம்னு போட்டதால வந்த வினை, எழுதுறதுக்கு வாங்குற டிவிடி ஆர் வட்டுல பிளஸ்ஸும் மைனஸும் (டிவிடி+ஆர், டிவிடி-ஆர்) ரெண்டு தரம், பிளஸ் ஒசத்தின்னு நெனைச்சு வாங்குனவங்கள நான் பாத்திருக்கேன். அது மைனஸே இல்ல, சிறுகோடு. ரெண்டு கூட்டமைப்பு தனித்தனியா போட்ட ரெண்டு செந்தரம், அவ்வளவுதான். ஒரு விலைப்பட்டியல்ல டிவிடி கழித்தல் ஆர்னு அச்சடிச்சிருந்தாங்க, எதையும் எதுலருந்தும் கழிக்கல அங்க.

ரெண்டாவது, டிரைவோட வேகத்தச் சொல்ற எக்ஸ். 16 எக்ஸ்ங்கிறத 16 மடங்கு வேகம்னு எழுதுறது சரி, ஆனா எதோட மடங்குன்னு எழுதணும். சிடிக்கு ஒரு மடங்குன்னா நொடிக்கு 150 கிலோபைட். டிவிடிக்கு ஒரு மடங்கே 1,385 கிலோபைட், சிடியப் போல ஒன்பது பங்கு. புளூ ரே வட்டுக்கு நொடிக்கு 36 மெகாபிட், அதாவது 4,500 கிலோபைட். அப்ப 52 மடங்கு சிடி வேகத்த விட 16 மடங்கு டிவிடி வேகம் ரொம்பப் பெரிசு. வெறுமன 52 மடங்கு, 16 மடங்குன்னு பக்கத்துல பக்கத்துல போட்டா படிக்கிறவன் தப்பாத்தான் எடுத்துக்குவான். "வட்டோட்டி: சிடி படிக்கும் வேகம் 48 மடங்கு, டிவிடி எழுதும் வேகம் 16 மடங்கு, ஒரு மடங்கு என்பது அந்தந்த வட்டின் செந்தர வேகம்" அப்படின்னு எழுதுனா எவனும் ஏமாத்த முடியாது.

இதெல்லாம் பெரிய புலமை வேலை இல்ல. மொழிபெயர்க்குறவங்க அகராதியத் தெறக்குற நேரத்துக்கு அந்தப் பொட்டியத் தெறந்து பாத்தாலே போதும். யூ பின்ன நிமித்தி முன்னாடி இருக்குற குட்டி ஓட்டைக்குள்ள விட்டா தட்டு வெளிய வந்துரும், கரண்ட் கூட வேணாம். பாத்து, என்ன செய்யிதுன்னு கேட்டு, அதச் செய்யிற சொல்ல எழுதணும். சொல்லுக்குச் சொல்லு வெச்சுக்கிட்டே போறவங்களுக்கு பொருள் எங்க விட்டுப்போச்சுன்னே தெரியிறது இல்ல, கேட்டா கலைச்சொல் பட்டியல்ல அப்படித்தான் இருக்குங்கிறாங்க. பட்டியலும் மனுசன் எழுதுனதுதானே, திருத்தலாம்.

பென் டிரைவ், எஸ்எஸ்டி இதுக்கெல்லாம் வட்டோட்டி ஆகாது. அங்க வட்டும் இல்ல, ஓட்டமும் இல்ல, இங்கிலீஷ்காரனே பழக்கத்துல டிரைவ்னு கூப்பிடுறான். கம்ப்யூட்டர்ல தெரியிற சி டிரைவ், டி டிரைவும் அப்படித்தான், அது ஒரு சேமிப்பகப் பகுதியோட பேரு. இதுகளுக்கு நினைவகம்னோ சேமிப்பகம்னோ பாத்து வெச்சுக்கலாம், அகம் பொருந்துற எடம் அதுதான். வட்டு சுத்துற பொட்டிக்கு மட்டும் வட்டோட்டி, அதோட பேசுற புரோகிராமுக்கு மட்டும் இயக்கி.