ஸ்கேன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன்

போன கிழமையும் ஒரு அம்மா. மார்பகப் புற்றுநோய்க்குக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தவர், எலும்பு ஸ்கேனுக்குப் பிறகு இரண்டு மாதமாகக் கிளினிக் பக்கமே வரவில்லை. மகள் படத்தைக் கனடாவிலுள்ள தம்பிக்கு அனுப்ப, அவர் "விலாவில நாலு கறுப்புப் புள்ளி கிடக்கு, பரவிட்டுது" என்று சொல்லிவிட்டாராம். இனி என்ன மருந்து என்று குளிசையையும் நிறுத்திவிட்டார்கள்.

நான் கேட்டது ஒரு கேள்விதான். "அம்மா, எங்கயாவது விழுந்தனீங்களோ?"

"ஓம் டொக்டர், மாரிக்குள்ள கிணத்தடியில வழுக்கி விழுந்தனான். பரியாரியிட்டப் புக்கை கட்டினது."

நாலு புள்ளியும் அடுத்தடுத்த விலாக்களில் ஒரே வரிசையாக இருந்தன. விழுந்து முறிந்த விலா அப்படித்தான் தெரியும். சீ.டீ.யிலும் பழைய முறிவுதான்.

கறுப்பாக இருந்தாலே புற்றுநோய் என்று இல்லை. ஊசியில் போகும், சிறிதளவு கதிர்வீச்சு விடும் டெக்னீசியம் 99எம் மருந்து, எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடத்தில் கூடுதலாகச் சேரும். ஏன் கட்டப்படுகிறது என்று அதற்குத் தெரியாது. முறிவு, தேய்ந்த முழங்கால், கிருமித்தொற்று, பல் பிடுங்கிய தாடை, புற்றுநோய்ப் பரவல், எல்லாம் கறுப்புத்தான். மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையும் கறுக்கும். அதைக் கட்டி என்று நினைத்து அழுதுகொண்டு வந்த குடும்பமும் உண்டு. சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில், ஆறிவரும் எலும்பே முந்தியதைவிடக் கறுப்பாகத் தெரியலாம். தயவுசெய்து இரண்டு படத்தை வீட்டில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. விழுந்ததையும் பழைய ஒப்பரேஷனையும் கடிதத்தில் எழுதாமல் ஸ்கேனுக்கு அனுப்புகிறோம். படம் பார்ப்பவர் என்ன செய்வார்?

அடுத்த பரிசோதனை எழுதினால் "அப்ப உறுதி" என்று முகம் வாடுகிறது. உறுதியாகாததால்தானே எழுதுகிறோம்! முதலில் அந்த இடத்துக்கு எக்ஸ்ரே, தெளியாவிட்டால் சீ.டீ., முள்ளந்தண்டு என்றால் எம்.ஆர்.ஐ. இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் (எலும்பு கட்டப்படும்போது கூடும் ஒரு நொதியம்), கல்சியம். புரொஸ்டேட் புற்றுநோயாளிக்குப் பீ.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. அப்போதும் சந்தேகம் என்றால் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்போம். சிலருக்குச் சில மாதம் பொறுத்துத் திரும்ப ஸ்கேன். அது உங்களைக் கைவிட்டது ஆகாது.

ஸ்கேனுக்கு வரும்போது பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். விழுந்தது, புக்கை கட்டினது, பல் பிடுங்கினது, ஒன்றையும் மறைக்கவேண்டாம். கர்ப்பமோ பாலூட்டலோ என்றால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். அன்று பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டாம்.

"ஸ்கேன் சுத்தம்" என்றாலும் நோ விடாமல் இருந்தால் திரும்ப வாருங்கள். மைலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோய் போன்றவை இதில் தெரியாமல் போகலாம். புற்றுநோய் உள்ளவருக்கு முதுகு நோவோடு கால் பலமிழந்தால், விறைத்தால், சிறுநீர் போகாவிட்டால், கிளினிக் நாள் பார்க்காதீர்கள். இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.