பக்கவிளைவு இருக்கா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பதில்லை

"பிரஷர் மாத்திரையால பக்கவிளைவு ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க டாக்டர்" என்றார், அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான்கு முறை இருமினார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, படுத்தால் தொண்டைக்குள் கோழி இறகை விட்டுக் குடைவதுபோல் வறட்டு இருமல், இரண்டு மாதமாக. மஞ்சப்பையில் மூன்று இருமல் சிரப் பாட்டில்கள், மூன்றிலும் பாதி மிச்சம். பையின் அடியில் எனலாப்ரில் அட்டை.

இருமல் அந்த அட்டையிலிருந்து வந்தது. எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடிகிற மாத்திரைகள் உடம்பில் ஒரு நொதியைக் கட்டிப்போடுகின்றன, ரத்தக்குழாய் தளர்கிறது, பிரஷர் இறங்குகிறது. சரி, அதற்குத்தான் கொடுக்கிறோம். ஆனால் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான், அது வேலை செய்யாததால் பிராடிகைனின் தேங்கிப்போய்ச் சிலருக்கு மூச்சுக்குழாயை உறுத்துகிறது. மருந்து செய்தது ஒரே வேலை, அதில் நமக்கு வேண்டாததைப் 'பக்கம்' என்கிறோம். மினாக்சிடிலும் முதலில் பிரஷர் மாத்திரைதான். சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது, இன்று அதையே வழுக்கைக்குக் காசு கொடுத்து வாங்கித் தடவுகிறார்கள்.

அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை பக்கவிளைவு என்றால் கிட்னி போவது, இருமல் என்றால் பனி. உலக சுகாதார நிறுவனம் 1972-இல் சொன்ன விளக்கத்தில் இவ்வளவு பயம் இல்லை: வழக்கமான அளவில் கொடுத்த மருந்தால், நினைக்காமல் நேர்கிற கெடுதல். பெரிசு சிறிசு என்ற பேச்சே அதில் கிடையாது. பத்து மாத்திரையைச் சேர்த்து விழுங்கி வருகிற கெடுதல் இதில் சேராது.

அப்புறம் இந்த 'அலர்ஜி'. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு இரண்டு நாள் வயிறு போனாலும் அலர்ஜி என்றே சீட்டில் எழுதிவிடுகிறார்கள், அதில் எங்கள் டாக்டர்களும் உண்டு, பிறகு உண்மையிலேயே அந்த மருந்து தேவைப்படும்போது கொடுக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்பது வேறு கதை. 'ப்ரில்' மாத்திரைக்காரர்களுக்கு உதடோ நாக்கோ வீங்கினால் காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெறும் இருமல் என்றால் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்படி வருவதை நோயாளிகளே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இவற்றைத் தொகுக்கிறது.

அந்த அம்மாவுக்கு லோசார்டான் என்ற வேறு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன், மூன்றாவது வாரத்தில் இருமல் நின்றது. இப்போதெல்லாம் நான் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. "இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு உடம்புல புதுசா என்னம்மா?" என்றுதான் கேட்கிறேன். போன வாரம் ஒருவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, செருப்பு வார் பதிந்து கிடந்த வீங்கிய பாதத்தைக் காட்டினார். அம்லோடிபின், அதுவும் பிரஷர் மாத்திரைதான்.